சில்லு சொல்லும் சாட்சி

வாகனத்தின் சில்லை மாற்றினால் பெற்றோல் கூடச் செலவாகுமா என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் விடை சொல்லத் தயங்குபவர் குறைவு. அகலமான ரயர் போட்டவர் லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் குறைந்துவிட்டது என்பார். அலோய் றிம் பூட்டியவர் வண்டி இலேசாகிவிட்டது, எண்ணெய் மிச்சம் என்பார். புது ரயர் போட்ட நாளிலிருந்துதான் செலவு கூடியது என்று இன்னொருவர் சாதிப்பார். இவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்டது என்ன, எதைக்கொண்டு கண்டார்கள், கண்டதிலிருந்து எதைக் கருதினார்கள் என்று பிரித்துக் கேட்கத் தொடங்கினால் ஒவ்வொரு கூற்றும் தள்ளாடுகிறது. இதைப் பொறியியலாளரிடம் விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஒன்றை அறிந்தேன் என்று சொல்ல ஒருவனுக்கு என்ன உரிமை என்ற கேள்வி பொறியியலுக்கு மூத்தது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் செய்த சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார், பதி பசு பாசம் எனப்படும் இறை, உயிர், தளை பற்றிப் பேசுமுன் அறியும் கருவியாகிய அளவை பற்றிப் பேசுகிறது. உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லுமுன், அப்படிச் சொல்வதற்கு நம் கையில் உள்ள கருவி எது, அது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று கேட்கும் ஒழுங்கு அது. அந்த ஒழுங்கு சில்லு விடயத்திலும் நம்மைக் கட்டும் என்பது என் வாதம். மாற்றப்பட்ட பொருளையே சாட்சியாக நிறுத்தி அந்த மாற்றத்தை அறிய முடியாது. அப்படி அறிந்ததாக ஊருக்குச் சொல்வது கணக்குப் பிழையாகத் தொடங்கி அறப்பிழையாக முடிகிறது.

மீற்றரிலிருந்து தொடங்கலாம். ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றர் தூரத்தை அளப்பதே இல்லை. சுழற்சியை எண்ணுகிறது, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் வைத்த பெருக்கத்தை அந்த எண்ணிக்கையில் ஏற்றிக் கிலோமீற்றராகக் காட்டுகிறது. அந்தப் பெருக்கம் பழைய சில்லுக்கு உரியது. ஜப்பானிலிருந்து வந்த வேகன் ஆர் கார்கள் பலவற்றில் 155/65 ஆர்14 என்ற அளவு ரயர் இருக்கும். அதன் விட்டம் ஏறக்குறைய 557 மில்லிமீற்றர். அதைக் கழற்றி 165/65 ஆர்14 போட்டால் விட்டம் 570 மில்லிமீற்றர் ஆகிறது, 2.3 சதவீதம் பெரிது. இனி அந்தக் கார் உண்மையில் 500 கிலோமீற்றர் ஓடினால் மீற்றர் 489 என்றே சொல்லும். அந்த ஓட்டத்துக்கு 25 லீற்றர் முடிந்திருந்தால் உண்மைக் கணக்கு லீற்றருக்கு 20 கிலோமீற்றர். மீற்றரை நம்பியவருக்கு 19.5. அவர் இழந்ததாக நினைக்கும் அந்த அரைக் கிலோமீற்றரில் ஒரு துளி பெற்றோல்கூட இல்லை. அகலமும் பாரமும் கூடியதால் உண்மையான இழப்பும் ஓரளவு இருக்கக்கூடும், அது தனி. ஆனால் மீற்றர் காட்டிய மொத்தக் குறைவில் உண்மை இழப்பு எவ்வளவு, அளவுகோல் நீண்டதால் வந்த தோற்றம் எவ்வளவு என்று மீற்றரையே பார்த்துப் பிரிக்க வழியில்லை. சிறிய ரயர் போட்டவருக்கு இதே பிழை எதிர்ப்பக்கமாக வந்து மகிழ்ச்சி கொடுக்கும். மகிழ்ச்சி கொடுப்பதாலேயே அதை எவரும் சோதிப்பதில்லை. பல மோட்டார் சைக்கிள்களில் மீற்றர் முன்சில்லிலிருந்து இயங்குகிறது. அங்கே பின்சில்லை மட்டும் மாற்றியவரின் மீற்றர் அசையாது. ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவரின் மீற்றர் திரிகிறது, மற்றவருடையது திரியவில்லை. இருவரும் ஒரே உறுதியோடுதான் பேசுகிறார்கள்.

புது ரயரின் வழக்கு இன்னும் நுட்பமானது. ஒரே அளவு, ஒரே கம்பனி, ஒரே றிம். தேய்ந்த ரயரைக் கழற்றிப் புதியதைப் போடுகிறார் ஒருவர். புது ரயரின் வரிகள் ஏழு எட்டு மில்லிமீற்றர் ஆழம். கழற்றியதில் இரண்டு மிஞ்சியிருக்கலாம். ஆரையில் ஆறு மில்லிமீற்றர் கூடினால், சுமார் 280 மில்லிமீற்றர் ஆரையுள்ள சில்லில் அது 2 சதவீதம். ஆகவே அளவு மாறாத மாற்றத்திலும் மீற்றர் 2 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. கூடவே, தேய்ந்த ரயரில் வளைந்து நெளிய ரப்பர் குறைவு. அதனால் அதன் உருளும் தடை உண்மையிலேயே புதியதைவிடக் குறைவு. உண்மையும் தோற்றமும் இங்கே ஒரே பக்கம் சாய்கின்றன. செலவு கூடியது என்று சொல்பவர் பாதி சரி. ஆனால் அவர் சொல்லும் காரணம் முழுவதும் பிழை. பழைய கம்பனி நல்லது, புதியது கூடாது என்கிறார். சில வேளை ரயர் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றும் சொல்கிறார். மொட்டையாகிப்போன ரயர் மாரி மழையில் தன்னைக் காக்காது என்பதை மறந்து, அது மிச்சம் பிடித்துத் தந்தது என்று அதற்காக ஏங்குகிறார்.

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிச் சொல்லும் ஒரு கருத்து இங்கே நேராகப் பொருந்துகிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே நிற்கும். மலத்தைச் சார்ந்தால் மலத்தின் தன்மை, அருளைச் சார்ந்தால் அருளின் தன்மை. அருகே வைத்த பூவின் நிறத்தைப் பளிங்கு தன் நிறமாகக் காட்டுவதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு. பளிங்கிடம் குற்றமில்லை. பளிங்கே சிவப்பு என்று முடிவு கட்டியவனிடம்தான் குற்றம். மீற்றரின் அறிவும் சார்பறிவு. சில்லைச் சார்ந்தே அதற்கு உலகம் தெரிகிறது. சில்லு பெருத்தால் அது காணும் உலகம் சுருங்குகிறது, தான் சுருங்கக் காண்கிறோம் என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை. உயிரறிவு அறிவிக்க அறியும் அறிவு என்று சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபு விடாமல் வற்புறுத்துவதன் நியாயம் எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. சார்பினால் மாறும் அறிவைத் திருத்த அந்தச் சார்புக்கு வெளியே நிற்கும் ஒன்று வேண்டும். உயிருக்கு அது எது என்பதில் சமயங்கள் தங்களுக்குள் வாதிடட்டும். காருக்கு அது ஏ9 வீதியோரத்தில் நிற்கிறது. கிலோமீற்றர் கல் எவருடைய ரயரையும் சாராதது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு நோக்கிக் கல்லுக்குக் கல் 50 கிலோமீற்றர் ஓடி, மீற்றர் 48.9 காட்டியதென்றால், இனி மீற்றரின் சொல்லை எவ்வளவால் பெருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கைப்பேசியின் ஜிபிஎஸ் இதையே வானிலிருந்து செய்யும். ஒரு காலைப் பொழுதில் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் பல வருடம் சாட்சி சொல்கிறோம்.

அளவைகளைப் பத்து என்றும் அதற்கு மேலும் எண்ணுவாருண்டு என்று குறித்துவிட்டு, அவை எல்லாம் நேரே காணும் காட்சி, ஏதுவால் அறியும் கருதல், நம்பத்தக்கவர் சொல்லாகிய உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது சித்தியார். காட்சியிலும் ஐயமும் திரிபும் கலந்ததைக் கழித்து விடுகிறது. மாசற்ற காட்சியின் வகைகளில் ஒன்றாகத் தன்வேதனைக் காட்சியை அது சொல்வதுண்டு: இன்பத்தையும் துன்பத்தையும் உயிர் தானே நுகர்ந்து அறிவது. சில்லின் தடையை அப்படி அறிந்த ஒரு தலைமுறை இந்தக் குடாநாட்டில் இருக்கிறது. 1990 இல் வடக்குக்கு எரிபொருள் தடுக்கப்பட்ட பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குடாநாடு சைக்கிளில்தான் நகர்ந்தது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் துளிப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்கம் குறைந்த அந்தக் காலத்து எஞ்சின்கள்தான் மண்ணெண்ணெயைத் தாங்கின. மற்றப் பாரம் முழுவதையும், விறகுக்கட்டு, நெல்மூடை, மருந்துக்குப் போகும் நோயாளி என்று எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது. பின்சில்லில் காற்று இறங்கியிருந்தால் சைக்கிளை மிதிப்பவருக்கு அளவுமானி தேவையில்லை. பத்துப் பாகம் போகுமுன் தொடை சொல்லிவிடும். எரியும் எரிபொருளும் அதை அறியும் அறிவும் ஒரே உடம்பில் குடியிருந்தன. ஆகவே அங்கே ஐயத்துக்கு இடமில்லை.

காரில் அந்த இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் இருக்கவேண்டிய காற்று 24 ஆக இறங்கினாலும் மிதியில் வைத்த காலுக்கு ஒன்றும் தெரியாது. நான்கு ரயரிலும் ஓர் இறாத்தல் குறைந்தால் செலவு 0.2 சதவீதம் கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் வாகனக்காரருக்குச் சொல்லும் கணக்கு. ஆறு இறாத்தலுக்கு 1.2 சதவீதம். பெற்றோல் செட்டில் தாங்கியை நிரப்பும்போது ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் அரை லீற்றர் முன்பின் ஆவது சாதாரணம். 25 லீற்றரில் அரை லீற்றர் என்பது 2 சதவீதம். காணப்போகும் வேறுபாட்டைவிடக் காணும் கருவியின் தடுமாற்றம் பெரிது. ஆகவே ஒருமுறை நிரப்பி ஓடிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு காட்சி அளவை ஆகாது. அது ஐயக்காட்சி, தெளிவு போல வேடம் போட்டது.

இருபது வருடம் வண்டி ஓட்டியவரின் அனுபவத்தை இப்படித் தள்ளிவிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அனுபவத்தைத் தள்ளவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அனுபவத்தில் எந்தப் பகுதி எதற்குச் சாட்சி என்று பிரிக்கவேண்டும் என்கிறேன். சமதரையில் கியரை விட்டுவிட்டால் வண்டி முன்போல ஓடவில்லை, இழுத்து நிற்கிறது என்று ஓர் அனுபவசாலி சொன்னால் அவர் சொல்லை நான் மீற்றரைவிட நம்புவேன். ஏனென்றால் அங்கே எஞ்சினின் குறுக்கீடு இல்லை, மீற்றரின் பெருக்கம் இல்லை. பெரும்பாலும் சில்லின் தடையும் காற்றின் தடையுமே வண்டியை நிறுத்துகின்றன. பொறியியலாளர்கள் சோதனைக்களத்தில் செய்வதும் இதுதான். ஆனால் அதே அனுபவசாலி லீற்றருக்கு இத்தனை குறைந்தது என்று எண்ணாகச் சொல்லும்போது அவருடைய அனுபவம் பேசவில்லை. அவர் மீற்றரை மேற்கோள் காட்டுகிறார்.

கருதல் அளவை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ரயரின் வரலாற்றிலேயே அழகான சான்று உண்டு. பெல்பாஸ்ற் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜோன் பொய்ட் டன்லப், 1888 இல் காற்று ரயருக்குக் காப்புரிமை பெறுமுன், தன் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காக மரத்தட்டு ஒன்றைச் சுற்றி ரப்பர்க் குழாயைக் கட்டிக் காற்று நிரப்பினார். அதையும் சைக்கிளின் பழைய சில்லையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சில்லு இடையில் விழுந்தது. காற்றுச் சில்லு முற்றத்தின் எல்லைவரை ஓடி மோதித் திரும்பியது. எஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை, எண்ணும் கருவியும் இல்லை. வேறுபட்டது சில்லு ஒன்றே. ஆகவே விளைவின் வேறுபாட்டுக்கு ஏதுவும் அது ஒன்றே. ஏதுவை இவ்வளவு தூய்மையாகத் தனிமைப்படுத்திய சோதனையை வல்கனைசிங் கடை வாசலில் நடக்கும் வாதங்களில் காண முடியாது. அங்கே ரயரை மாற்றியவர் அதே வாரம் எஞ்சின் ஒயிலும் மாற்றியிருப்பார், சாவகச்சேரிக்கு ஓடிய இடத்தில் பட்டணத்து நெரிசலுக்குள் ஓடியிருப்பார். மாற்றினேன், குறைந்தது, ஆகவே மாற்றியதால் குறைந்தது என்பது ஏதுப்போலி.

சரியான ஏது ரப்பரின் இயல்பில் இருக்கிறது. வீதியைத் தொடும் இடத்தில் ரயர் சப்பையாகிறது, விட்டதும் பழையபடி எழுகிறது. சப்பையாக வாங்கிய சக்தி முழுவதையும் ரப்பர் எழும்போது திருப்பித் தருவதில்லை, மிச்சம் சூடாகிறது. ஓடிவந்த ரயரில் கைவைத்தால் தெரியும் அந்தச் சூடு, பெற்றோலில் ஒரு பகுதி போன இடம். மலையில் புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது போலக் காரியத்திலிருந்து காரணத்துக்குப் போகும் வழி இது. வைகாசி வெயிலில் காய்ந்த தார் வீதியும் ரயரைச் சுடவைக்கும் என்பதால் அதைக் கழித்தே பார்க்கவேண்டும். அதற்காகத்தான் அளவை நூலார் ஏதுவை ஆராயச் சொன்னார்கள். காற்றுக் குறைந்தால் சப்பை கூடும், சூடு கூடும். பெரிய றிம் பூட்டினால் விளிம்பில் பாரம் கூடும். விளிம்பில் இருக்கும் பாரத்தை நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும் என்பதால் வேகம் எடுக்கும்போது ஒரு கிலோ ஏறக்குறைய இரண்டு கிலோவாகக் கணக்கில் வரும். அலோய் என்பதால் இலேசு என்று முடிவு கட்ட முடியாது. அங்குலம் கூடிய அலோய், சிறிய இரும்பு றிம்மைவிடப் பாரமாக இருப்பது சாதாரணம். விட்டம் கூடினால் எஞ்சின் ஒரு கிலோமீற்றருக்குச் சுற்றும் சுற்றுக் குறையும். சீரான ஓட்டத்தில் அது சிக்கனத்துக்கு உதவவும் கூடும். ஒரே மாற்றத்துக்குள் எதிரெதிராக இழுக்கும் இத்தனை காரணங்கள் இருக்கும்போது ஒற்றைச் சொல்லில் கூடும் என்றோ குறையும் என்றோ சொல்பவர் ஆராயவில்லை என்பது நிச்சயம்.

இந்த மண்ணின் அமைப்பும் கருதலுக்குள் வரவேண்டும். குடாநாட்டில் மலை இல்லை. சுண்ணக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கும் நிலம். பட்டணத்திலும் பருத்தித்துறை வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் நெடுநேரம் ஓட இடமில்லை. சுமார் 900 கிலோ எடையுள்ள சிறிய கார் ஒன்றை எடுத்துக் கணக்கிட்டால், 50 கிலோமீற்றர் வேகத்தில் காற்று தடுக்கும் விசையும் ரயர் தடுக்கும் விசையும் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன. 100 இல் காற்றின் தடை நான்கு மடங்காகிறது, ரயரின் தடை பெரிதாக மாறுவதில்லை. தெற்கே அதிவேகப் பாதையில் ஓடும் காருக்குக் காற்றே பெரிய எதிரி. வலிகாமத்து ஒழுங்கைகளில் ஓடும் காருக்கு ரயரின் பங்கு விகிதத்தில் அதிகம். ஆகவே வேறு நாட்டில் எடுத்த சதவீதத்தை அப்படியே இங்கே ஒப்புவிப்பதும் ஆராயாத கூற்றுத்தான். உருளும் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிஞ்சும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2006 இல் கண்டது. அது அந்த நாட்டு வண்டிகளுக்கும் ஓட்டத்துக்கும் கண்டது. நமக்கு அது வழிகாட்டி, தீர்ப்பு அல்ல.

இனி உரை. நாம் அறிந்ததாக நினைப்பவற்றில் மிகப் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. யாருடைய சொல் அளவையாகும் என்பதே கேள்வி. மலமற்றவன் சொல் என்று சித்தாந்தம் உயர்ந்த எல்லையை வைக்கிறது. உலகியலில் அதற்குக் கிட்டப் போகக்கூடியது, பொய்யால் இலாபம் இல்லாதவனும் சோதிக்கும் முறையை அறிந்தவனுமாகிய ஒருவனின் சொல். ரயர்களுக்குத் தரச்சீட்டு ஒட்டும் வழக்கம் ஜப்பானில் 2010 இலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 இலும் வந்தது. உருளும் தடைக்கு ஒரு தரம், ஈர வீதியில் பிடிக்கும் பிடிக்கு ஒரு தரம். பயனுள்ள ஏற்பாடு. ஆனால் உற்பத்தியாளர் சொல் எவ்வளவு தூரம் உரை அளவையாகும் என்பதை 2016 சோதித்துக் காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில் மிற்சுபிசி நிறுவனம், தன் சிறிய கார்களின் சோதனைத் தரவுகளைத் திரித்ததை ஒப்புக்கொண்டது. ஈகே வேகன், ஈகே ஸ்பேஸ் ஆகியனவும் நிசான் டேய்ஸ் என்ற பெயரில் விற்றவையும் சேர்த்து 625,000 வண்டிகள். எந்தத் தரவு? வண்டியை ஓடவிட்டு, கியரை விட்டு, அது தானாக நிற்கும்வரை பார்த்து அளக்கும் தடை. ரயரின் தடையும் காற்றின் தடையும் சேர்ந்த அந்த எண். அதைக் குறைத்துச் சொல்லிச் சிக்கனத்தைக் கூட்டிக் காட்டினார்கள். முரண்பாட்டை முதலில் கண்டது, அந்தக் கார்களைத் தன் பெயரில் விற்ற நிசான்.

மறுமாதம் சுசுகியும் பிழை ஒன்றை ஒப்புக்கொண்டது. எனக்கு மிற்சுபிசியைவிட இதுவே யோசிக்கவைக்கும் வழக்கு. கடற்கரைக்கு அண்மையில் இருந்த அதன் சோதனைக்களத்தில் காற்று அதிகம். சட்டம் சொன்னபடி வண்டியை வெளியில் உருளவிட்டு அளப்பது கடினமானதால், ரயர் முதலான பாகங்களின் தடையைத் தனித்தனியே உள்ளே அளந்து கூட்டிக் கொடுத்திருந்தார்கள். இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடும் அல்ரோவும் வேகன் ஆரும் பிறந்த குடும்பம் அது. பிறகு முறைப்படி அளந்து பார்த்தபோது, பட்டியலில் கொடுத்த சிக்கனம் கூட்டிச் சொல்லப்பட்டதாக இருக்கவில்லை. எண் சரி, வழி பிழை. அப்படியானால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். முடிவு உண்மையாக இருக்க, வந்த வழியைத் தோண்டுவானேன்? தோண்டத்தான் வேண்டும். 2016 தை மாதம் கார் வாங்கப் போன ஒருவரின் கையில் மிற்சுபிசியின் பட்டியலும் சுசுகியின் பட்டியலும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்று உண்மை, மற்றது திரிபு என்று பட்டியலைப் பார்த்து எவரும் சொல்லியிருக்க முடியாது. முறைப்படி மீண்டும் அளந்த பிறகே உண்மை உண்மையாகத் தெரிந்தது. அதுவரை அது தற்செயலாகச் சரியாக இருந்த ஒரு சொல். தற்செயலாகச் சரியானதை அறிவு என்று ஏற்றால், தற்செயலாகப் பிழையானதை எந்த முகத்தோடு மறுப்பது? அளவையை முதலில் வைத்த ஆசிரியர்கள் இந்த இடரை நன்கு அறிந்திருந்தார்கள்.

உரையைச் சோதிப்பது பெரியோர்க்கு அவமதிப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்த மண்ணின் வரலாறே விடை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்து, போர்த்துக்கேயர் காலத்தில் இந்தியா சென்று துறவியாகச் சிதம்பரத்தில் வாழ்ந்த ஞானப்பிரகாச முனிவர் சித்தியாருக்கு விளக்கவுரை செய்தார். அடுத்த நூற்றாண்டில் திருவாவடுதுறை சிவஞான முனிவர் அந்த உரையை மறுத்து நூலே எழுதினார். இருவரும் சைவர், இருவரும் ஒரே நூலை வணங்கியவர்கள். மறுப்பதால் மரபு இடிந்துவிடவில்லை. மறுக்க இடம் இருந்ததால்தான் அது மரபாக நின்றது.

பதியை அறியச் சொன்ன அளவையைப் பெற்றோலுக்கு இழுத்துவந்து சிறுமைப்படுத்தலாமா என்ற தடை இன்னும் இருக்கிறது. அந்த ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தேடிப் போன இடம் எது என்று பார்த்தால் இந்தத் தடை நிற்காது. மலையில் புகை, குயவன் கையில் குடம், பாலுக்குள் நெய். அன்றாடத்தில் பிழையாமல் அறியப் பழகாதவன் அப்பாலுள்ளதைப் பிழையாமல் அறிவான் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. இரண்டு மூன்று சதவீதத்துக்கு இத்தனை ஆரவாரமா என்பவர்களுக்கு வேறு விடை உண்டு. 2022 ஆனி கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் ஆனது. ஆடியில் கியூஆர் அட்டை வந்தபோது கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று பங்கிட்டார்கள். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் ஓட்டோ ஒன்றுக்கு அந்த 5 லீற்றரில் 3 சதவீதம் என்பது கிழமைக்குக் கிட்டத்தட்ட நான்கு கிலோமீற்றர். பட்டணத்தில் ஒரு கூலி ஓட்டம். வீட்டுக்கு அரிசி அந்த ஓட்டத்தில் வந்த நாட்கள் அவை. ஆனால் சதவீதம் பெரிதா சிறிதா என்பதில் என் வாதம் தங்கியிருக்கவில்லை. சிறிய வேறுபாடு என்பதே காட்சிக்கு எட்டாத வேறுபாடு. காட்சி எட்டாத இடத்தில்தான் கருதலும் உரையும் சுத்தமாக இருக்கவேண்டிய தேவை கூடுகிறது. பெரிய வேறுபாட்டை எவரும் காண்பார்.

அறப்பிழை என்று நான் சொன்னதன் அடிப்படை இது. ஒருவர் தன் வண்டியைப் பற்றித் தவறாக நினைத்துத் தன் பணத்தை இழந்தால் அது அவரோடு போகும். ஆனால் அறிவு அப்படித் தனியே நிற்பதில்லை. அவர் சொன்னது ரயர் வாங்கப் போகும் அடுத்தவருக்கு உரையாகிறது. அவரை நம்புபவர் அவரிடம் இலாப நோக்கம் இல்லை என்பதற்காகவே நம்புகிறார்; கம்பனியின் விளம்பரத்தை நம்பாதவரும் அயலவரின் சொல்லை நம்புகிறார். நல்லவர் என்ற பெயர்தான் அந்தச் சொல்லுக்கு வலு. ஆராயாமல் சொன்ன ஒரு நல்லவரின் சொல், பொய்யன் ஒருவனின் சொல்லைவிடத் தொலைவு பயணிக்கும். கூலிக்கு மீற்றர் பூட்டிய ஓட்டோவில் இது சொல்லோடு நிற்பதும் இல்லை: சில்லின் சுற்றை எண்ணிக் கூலி சொல்லும் மீற்றரில், சிறிய ரயர் போட்டால் ஓடாத தூரத்துக்கும் பயணி காசு கொடுக்கிறார். ஓட்டுநர் மனத்தில் களவு இல்லாமல் இருக்கலாம். பயணியின் காசு போகத்தான் போகிறது.

எல்லாவற்றையும் எண்ணிச் சிக்கனம் பிடிப்பதுதான் சைவமா, அபிடேகத்துக்குக் குடம் குடமாகப் பால் சொரிகிறவர்கள் அல்லவா நாம் என்று ஒருவர் கேட்கலாம். நான் சிக்கனத்தைப் போதிக்கவில்லை. சொரிகிறவர் தான் என்ன கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்கிறார். உருளும் தடை மிகக் குறைந்த ரயர்களில் சில ஈர வீதியில் பிடி குறைந்தவை. சிலிக்கா கலந்த ரயர்கள் 1990களில் வந்தபின் அந்த இழுபறி தணிந்தது, அறவே நீங்கவில்லை. ஐப்பசி முதல் மார்கழிவரை குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு கொட்டுகிற மாதங்களில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் ஒருவர் தரச்சீட்டைப் பார்த்து, பிடி கூடிய ரயரை எடுத்து, அதற்காக லீற்றருக்குச் சில நூறு மீற்றரைக் கொடுக்கத் துணிந்தால் அவர் சரியான கணக்கே போட்டிருக்கிறார். அழகுக்காகப் பெரிய அலோய் பூட்டியவருக்கும் இந்த வழி அடைபடவில்லை. கல்லுக்குக் கல் ஓடி மீற்றரைத் திருத்தி, காற்றைச் சரிபார்த்து, ஒரே செட்டில் ஒரே அடையாளம்வரை பல தடவை நிரப்பிக் கூட்டிப் பிரித்து, இழப்பு இவ்வளவு என்று கண்டபின் அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் சொல்வாராயின், அவரோடு எனக்கு வழக்கில்லை.